மலேசியாவில் டயாலிசிஸ் செய்யும் மனைவிக்கு ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) மறுக்கப்பட்டால் வேறு எங்கே உதவி கேட்கலாம்?

கேட்டவரின் நிலைமை இது: மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆறு வருடம் தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறார். கெபாஜிக்கானில் (சமூகநலத் துறை) ஓகேயு கார்டு கேட்டுப் போனதில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் சொக்சோ, சம்பளத்தில் சந்தா பிடிக்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். கெபாஜிக்கானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். சர்க்கரையில் ஆரம்பித்து டயாலிசிஸில் வந்து நிற்கிறது. எங்களையும் எல்லாரும் ஓகேயு கார்டு வாங்கத்தான் விரட்டினார்கள். அந்தக் கார்டுக்கு ஏழு பிரிவுகள் இருக்கின்றன: காது, கண், பேச்சு, உடல், கற்றல், மனநலம், அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு. சிறுநீரகம் கெட்டது மட்டும் இதில் எதிலும் வராது. கவுண்டரில் இருக்கும் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. சர்க்கரையால் உங்கள் மனைவிக்குப் பார்வை மங்கியிருந்தாலோ, கால் எடுக்கப்பட்டிருந்தாலோ அந்தப் பிரிவில் பதியலாம், டாக்டர் கையெழுத்து வேண்டும். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப் போட்டவரைப் போல் கிடப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை என்பது அநியாயம்தான். ஆனால் இப்போதைக்கு விதி அப்படி.

சொக்சோவில் கேள்வியே வேறு. அங்கே வியாதியின் பெயர் இரண்டாம் பட்சம். இவரால் இனி வேலை செய்து, அவரைப் போன்ற வேலை தெரிந்த ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்காவது சம்பாதிக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். முடியாது, குணமாகவும் வாய்ப்பில்லை என்றால் இலாட் பென்ஷன், அதாவது உழைக்க இயலாதவருக்கான பென்ஷன். சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதா மாதம் வரும். தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவையும் சொக்சோ ஏற்றுக்கொள்ளும், எங்கள் வீட்டில் மூச்சு வந்ததே அதற்கப்புறம்தான். 60 வயதுக்குள் மனுப் போட்டுவிடுவது நல்லது.

இதில் சந்தா கணக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மனுப் போடும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். உங்கள் மனைவி நின்று 12 மாதம் என்றால், அந்த 40-இல் 28 மாதம் கட்டியிருப்பார், தாராளமாகப் போதும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் இந்த 28-இல் ஒன்று கழியும். வேறொரு கணக்கும் உண்டு: முதன்முதல் சந்தா கட்ட வேண்டிய மாதத்திலிருந்து மனு மாதம் வரை மூன்றில் இரண்டு பங்கு மாதங்கள் கட்டியிருந்தால் முழுப் பென்ஷன், மூன்றில் ஒரு பங்கு என்றால் குறைந்த பென்ஷன், எப்படியும் 24 மாதத்துக்குக் குறையக் கூடாது. பதினெட்டு வயதில் வேலைக்குப் போய், கல்யாணம், பிள்ளைப்பேறு என்று நடுவில் நின்ற நம் பெண்களுக்கு இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை விழும். அதனால் 40 மாதக் கணக்கு கையில் இருக்கும்போதே போய்விடுங்கள். பென்ஷனும் மனுப் போட்ட பிறகுதான் ஓட ஆரம்பிக்கும், பழைய மாதங்களுக்குத் தர மாட்டார்கள்.

அடுத்தது, வேலை செய்ய முடியுமா என்று நேரில் பார்க்கும் டாக்டர்கள் குழு. இங்கேதான் எங்கள் காரியம் ஒரு தடவை கெட்டது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு சட்டையை இஸ்திரி போட்டு, தலையை வழித்து வாரிக்கொண்டு வந்தார். "போலே ஜாலான்?" (நடக்க முடியுமா) என்று டாக்டர் கேட்டார். "போலே, டோக்டோர்." "போலே அங்காட் பாராங்?" "போலே, சிக்கிட் சிக்கிட்." சாமான் தூக்க முடியுமா என்றதற்கும் கொஞ்சம் கொஞ்சம் முடியும் என்றுவிட்டார். வீட்டில் தண்ணீர் வாளியைக்கூட நான்தான் தூக்குகிறேன். ஆம்பிளை, நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மனு தள்ளுபடி.

மேல்முறையீடு செய்தோம். தள்ளுபடிக் கடிதத்திலேயே கெடு போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. இந்தத் தடவை டயாலிசிஸ் மையத்து மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னபடி, 'சிறுநீரகச் செயலிழப்பு' என்ற ஒற்றை வரிக் கடிதத்தை விட்டுவிட்டு, டாக்டரிடம் விவரமாக எழுதி வாங்கினோம். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருப்பதால் அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது. டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கித் தலை சுற்றும். மூன்று நாள் மெஷின், மறுநாள் அசதி. குலை வெட்டுபவருக்கு நீளக் கம்பை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஒரு குலை 20 கிலோ வரும். இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் யாருக்கும் புரியும். புரிந்தது. உங்கள் மனைவிக்கும் அவர் தொழிற்சாலையில் என்ன செய்தார், எத்தனை மணி நேரம் நின்றார், ஷிப்டு எப்படி என்று எழுதிக் கொடுங்கள். டாக்டர் எழுத வசதியாக இருக்கும்.

பென்ஷன் கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) ஆபீசுக்குப் போங்கள். உடல் இயலாமைக்காக முழுச் சேமிப்பையும் எடுக்கலாம், தகுதி உள்ளவர்களுக்கு மேற்கொண்டு 5,000 ரிங்கிட் உதவித்தொகையும் தருகிறார்கள். பணம் வந்ததை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். சிறிய ஊர், கடன் கேட்டு வரிசையில் நிற்பார்கள்.

கெபாஜிக்கானில் 'வேலை செய்ய முடியாத ஓகேயு' உதவித்தொகை கார்டு இருந்தால்தான். படுத்த படுக்கையான நாள்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓர் உதவித்தொகை உண்டு, 2021 பட்ஜெட்டில் அதை 500 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். ஆனால் உங்கள் மனைவி எழுந்து நடமாடுகிறார் என்றால் அது கிடைக்காது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அங்கே கேளுங்கள். வருமானத்தைப் பார்த்து, எந்த நிதிக்கு எழுதலாம் என்று அவர்களே சொல்வார்கள். கோயிலில் நாலு பேர் சொல்லும் யோசனையைவிட அது எவ்வளவோ மேல்.

சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து, கடைசியாக எந்த மாதம் சொக்சோ பிடித்தார்கள் என்று பாருங்கள். சீட்டில் பிடித்திருந்தும் முதலாளி கட்டாமல் விட்ட கதைகள் உண்டு, அதனால் சொக்சோ கவுண்டரில் ஐசி (அடையாள அட்டை) காட்டிச் சந்தா விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் கீழே எழுதுங்கள், அதற்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.