புதருக்குத் தக்காளிமேல் என்ன பாசம்?

அன்புள்ள அக்கா,

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் நடைபாதையில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறேன். மாவுப்பூச்சி பிடித்துவிட்டது. பூச்சி பிடித்த செடி பக்கத்துச் செடிகளை அன்போடு எச்சரிக்கும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்தேன். அருகில் மிளகாய்த் தொட்டியும் உண்டு. சேர்த்தே வைக்கட்டுமா, பிரிக்கட்டுமா?

கோமதி

அன்புள்ள கோமதி,

பிரித்து வையுங்கள். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், எறும்பு ஏறவிடாதீர்கள். அவ்வளவுதான். என்னைச் சீண்டியது அந்த 'அன்போடு'. கொஞ்ச நாளாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வருவதற்கெல்லாம் ஏனம்மா இப்படி உருகுகிறீர்கள்?

சேதி போவது உண்மை. 1990இல் ஃபார்மர், ரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேஜ்பிரஷ் என்ற புதரின் கிளைகளைத் தக்காளிச் செடிகளோடு ஒரே மூடிய கலனில் வைத்தார்கள். ஒன்றையொன்று தொடவில்லை. புதரிலிருந்து காற்றில் கலந்த மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற வேதிப்பொருள் பட்டதற்கே, புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதத்தைத் தக்காளி இலைகள் சேர்க்க ஆரம்பித்துவிட்டன. சரி, புதருக்குத் தக்காளிமேல் என்ன பாசம்? கடிபட்ட இலை விடும் ஆவி அதே செடியின் மற்றக் கிளைகளை உஷார்ப்படுத்துகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. பக்கத்துச் செடி செய்வது ஒட்டுக்கேட்பது. இதற்குப் போய் வயலின் இசை சேர்த்து வீடியோ போடுகிறார்கள்!

பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்தவளுக்கு இந்த உருக்கம் வராது. கோலாலம்பூருக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் வரவில்லை. நாம் காசாக்கிய பால், மரத்தின் தற்காப்பு. காயத்தை அடைக்கும், கடிக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டும். பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ் என்ற நொதியும் அதில் உண்டு. அம்மா விடியுமுன் எழுந்து வெட்டியது அந்தத் தற்காப்பைத்தான்.

அது போதாதென்று 1970களில் மருந்து பூச ஆரம்பித்தார்கள். எத்தெஃபோன். பட்டைக்குள் போனதும் அது எத்திலீனாக உடையும். எத்திலீன், காயம்பட்டால் மரம் தானே சுரக்கும் சேதி. அதைக் கள்ளக் கையெழுத்துப் போட்டு நாம் அனுப்பினோம். வெட்டுவாய் சீக்கிரம் அடைபடாது, பால் அதிக நேரம் வடியும். அளவு மீறினால் பட்டை வறண்டு, எவ்வளவு வெட்டினாலும் சொட்டு வராது.

அப்படி வறண்ட மரங்கள் அம்மாவுக்கு வெட்ட ஒதுக்கிய நிரையிலும் இருந்தன. அவர் அவற்றைக் கட்டிப்பிடித்து அழவில்லை. "மருந்த அள்ளிப் பூசச் சொன்னது நீ, எடை கொறஞ்சா வெட்டுறது என்னோட சம்பளத்தையா?" என்று கங்காணியிடம் சண்டைக்குப் போனார்.