வில்லத்தனத்துக்கும் ஒரு நியாயம் வேணுமுங்க: கோவை கேம் எழுத்தாளரோட கேள்வி பதில்

பல்லடம் தம்பி: அண்ணா, நாலு பசங்க சேர்ந்து ஒரு ஆர்பிஜி, அதாவது ஆடறவங்களே ஒரு பாத்திரமா மாறிக் கதையை நடத்தற கேம், பண்றோம். கெட்ட வழியும் வெச்சிருக்கோம், ஆனா ஆடிப் பாத்தவங்க யாரும் அந்தப் பக்கமே போக மாட்டேங்கறாங்க. ஏனுங்ணா?

போறதுக்குக் காரணம் குடுத்தீங்களா தம்பி? 2008ல வந்த ஃபால்அவுட் 3ங்கற கேம்ல மெகாடன்னு ஒரு ஊரு, நடுவுல வெடிக்காத அணுகுண்டு. வெடிக்க வெச்சா காசும், டென்பென்னி கோபுரத்துல ஒரு அறையும் கிடைக்கும். எதுக்குன்னா, கோபுரத்துக்காரருக்கு அந்த ஊரு கண்ணை உறுத்துதாம். சரி, அது அவருக்கு. ஆடறவனுக்கு அந்த ஊரு என்ன கெடுதல் பண்ணுச்சு? கொழுப்பெடுத்துப் பண்றதாத்தான் ஆகுது.

திருப்பூர் தம்பி: நம்பற மாதிரிக் காரணத்துக்கு எங்கண்ணா போறது?

உங்க ஊரைத் தாண்ட வேண்டாம். நொய்யல்ல சாயத்தண்ணி கலந்து ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி பாசனத்துக்கே ஆகாமப் போச்சு. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. இதை மனசுல வெச்சு ஒரு கற்பனைப் பட்டறை எழுதுங்க. ஆடறவனை முதல்ல அங்க வேலைக்கு விடுங்க. கூட வேலை செய்யற அக்கா, சனிக்கிழமை சம்பளம் வந்தாத்தான் பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்ட முடியும். சரக்கு நாளைக்கே தூத்துக்குடி போகணும். சுத்திகரிப்புத் தொட்டி நிரம்பி நிக்குது. ராத்திரி ரெண்டு மணி, வால்வு அவன் கையில. முதலாளி வந்து, "இந்த ஒரு லோடு மட்டும் கண்ணு. அடுத்த மாசம் புது மெஷின் போட்டரலாம்"னு சொல்லணும். ஆத்துல விஷத்தைக் கலக்குன்னு எந்த முதலாளியும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு.

திறந்து விட்டா அக்காவுக்குச் சம்பளம். ஆத்தோரத் தோட்டத்துல கிணத்துத் தண்ணியை மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். அக்கா, தோட்டத்துக்காரர் ரெண்டு பேரோடயும் அவன் முன்னாடியே பழகியிருக்கணும். கெட்டது பண்றவன் பெரும்பாலும் தன் ஆளுங்களைக் காப்பாத்தறதா நெனச்சுத்தான் பண்றான். அந்த நெனப்பை ஆடறவன் மனசுல வர வெக்கறதுதான் நம்ம வேலை.

ஈரோடு தம்பி: கெட்ட வழிக்குப் பரிசைக் கூட்டி வெச்சாப் போதாதா?

பரிசு மட்டும்னா உக்காந்து கணக்குப் போட்டுருவாங்க. பயோஷாக் சுடற கேம்தான், இருந்தாலும் பாருங்க. அதுல சிறுமியோட உயிரை எடுத்தா 160 ஆடம் (சக்தி வாங்கற சரக்கு), காப்பாத்துனா 80. ஆனா மூணு பேரைக் காப்பாத்துனா 200 அன்பளிப்பா வந்துரும். மூணு பேருக்கும் கூட்டிப் பாத்தா 480-க்கு 440. இதுல எங்கிருந்து சபலம் வரும்? நல்லவனா இருந்தா நெசமாவே கை நட்டம் ஆகணும், கடன்காரன் வாசல்ல வந்து நிக்கணும்.

கோபி தம்பி: ஆடறவன் நல்லவனா கெட்டவனான்னு புள்ளி காட்டற மீட்டர் வெக்கலாமாண்ணா?

வேண்டாம். மீட்டர் இருந்தா அதை ரொப்பத்தான் பாப்பாங்க. அக்கா ஒரு கணக்கு வெச்சுக்கட்டும், தோட்டத்துக்காரர் ஒரு கணக்கு வெச்சுக்கட்டும்.

நாமக்கல் தங்கச்சி: கெட்ட வழியில போனா பாதிக் கதை காணாமப் போயிருதுங்களே?

நெசந்தான் அம்மிணி. 2023ல வந்த பல்டர்ஸ் கேட் 3ங்கற கேம்ல அகதிங்க தங்கியிருக்கற தோப்பைத் தாக்குனா, கூட்டாளிங்க வில், கார்லாக் ரெண்டு பேரும் நம்ம கூட இருக்க மாட்டாங்க. தாக்கற கூட்டத்தோட தலைவி மின்தாரா சேர்ந்துக்கலாம். ஆளுங்க விலகிப் போறது நியாயம், ஆனா அந்தப் பக்கமும் புது உறவும் புது வேலையும் நெறைய வேணும். வால்வைத் திறந்தவனை முதலாளி மேனேஜர் ஆக்கட்டும். அடுத்த வாரம் அதிகாரி சோதனைக்கு வரும்போது பொய் சொல்ற வேலை அவன் தலையில விழட்டும். அந்த வேலையை ஒரு குவெஸ்ட்டா, அதாவது கேம்ல முடிக்க வேண்டிய பணியா, முதல்ல எழுதி அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்.