பாங்காக்கில் அரண்மனையும் படகும் ஒரே நாளில்: காம்போ வாங்கலாமா?

கேள்வி: டிசம்பரில் தாய்லாந்து போகிறோம். பட்டாயாவுக்கு ஒதுக்கியது போக, பாங்காக்குக்கு முழுதாக ஒரே நாள்தான் மிச்சம். நான், கணவர், தங்கை, 7 வயது மகன், மூட்டுவலி உள்ள 68 வயது அம்மா. 'சிட்டி அண்ட் டெம்பிள் டூர், கூடவே டின்னர் குரூஸ்' என்று ஏஜென்ட் தலைக்கு 2,900 பாட் கேட்கிறார். தமிழ் கைடு வருவாராம். அரண்மனை அன்றைக்கு மூடியிருக்கும், ராத்திரி படகிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா? (கோவை வாசகி)

பதில்: வாங்காதீர்கள். காலைக்கு ஒரு கைடு, இரவுக்கு ஒரு படகு என்று இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். நடுவில் இருக்கும் பகல் பொழுதை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காம்போவில் பறிபோவது அந்தப் பகல்தான்.

முதலில் 'சிட்டி அண்ட் டெம்பிள் டூர்' என்பதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்தியர்களுக்கு விற்கப்படும் இந்த அரைநாள் பஸ் சுற்றுலாவில் பெரும்பாலும் அரண்மனையே கிடையாது. வாட் த்ரைமித் கோயிலில் ('வாட்' என்றாலே கோயில்தான்) ஐந்தரை டன் தங்க புத்தர், அடுத்து பளிங்குக் கோயில் அல்லது வாட் போ, அதன்பின் நேராக ஜெம்ஸ் கேலரி. நகைக்கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைப்பார்கள். டூரின் விலை குறைவாக இருப்பதற்கு அந்தக் கடைதான் காரணம். அரண்மனைக்கு வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 பாட். அதைச் சேர்த்தால் ஏஜென்ட்டுக்கு நிற்கும் பணம் குறையும். அதனால் சேர்ப்பதில்லை. நீங்களாகக் கேட்டால் 'அன்றைக்கு மூடியிருக்கும்' என்ற பதில் தயாராக இருக்கிறது.

இந்த 'மூடியிருக்கும்' என்ற சொல்லை நீங்கள் கோவையிலேயே கேட்டுவிட்டீர்கள். மற்றவர்கள் அரண்மனை மதிலோரம் போய்க் கேட்கிறார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அட்டை, நல்ல ஆங்கிலம். இன்று புத்த விசேஷம், பகல் ஒரு மணி வரை தாய்லாந்து மக்களுக்கு மட்டும்தான் அனுமதி என்பார் அந்த ஆள். ஒரு காகிதத்தில் மூன்று கோயில்களை வட்டமிட்டுக் காட்டுவார். பக்கத்திலேயே ஒரு டுக்டுக் நிற்கும். முழுச் சுற்றுக்கும் 20 பாட் அல்லது 40 பாட்தான் என்பார்கள். அந்தக் காசுக்கு பாங்காக்கில் எந்த டுக்டுக்கும் ஒரு தெருகூடத் தாண்டாது. ஓட்டுநருக்குக் கடைக்காரர் பெட்ரோல் கூப்பன் கொடுக்கிறார். இரண்டாவது கோயிலில் 'தற்செயலாக' ஒருவர் பேச்சுக் கொடுத்து, அரசு ஏற்றுமதி விற்பனைக்கு இன்றுதான் கடைசி நாள், இந்த ரத்தினக் கல்லை ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்பார். அவரும் அதே கூட்டம்தான். அப்படி அரசு விற்பனை எதுவும் கிடையாது. கல் வாங்கிய பிறகு போலீஸுக்குப் போனாலும் பணம் முழுதாகத் திரும்புவது அரிது. அரண்மனை வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறது, வெளியாட்கள் பேச்சை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியிலும் சொல்கிறார்கள். அந்த ஒலிபெருக்கிக்குக் கீழேயே இந்த வியாபாரம் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பலகை வைக்க ஆள் இருக்கும் அரசாங்கத்துக்கு, பலகைக்கு எதிரே நிற்பவரைப் பிடிக்க மட்டும் ஏன் ஆள் இல்லை?

அரண்மனை தினமும் திறந்திருக்கும். காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். வார விடுமுறை கிடையாது.

உண்மையாகவே மூடும் நாட்களும் உண்டு. அதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கொஞ்சம் உண்மையை வைத்துத்தான் அந்தப் பெரிய பொய் ஓடுகிறது. அது இன்றும் அரச குடும்பத்துச் சடங்குகள் நடக்கும் இடம். சடங்கு நாட்களில் பொதுவாக வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் சன்னதியை மட்டும் சில மணி நேரம் சாத்துவார்கள், மற்ற வளாகம் திறந்திருக்கும். வெயில், மழை, குளிர் என்று பருவம் மாறும்போது ஆண்டுக்கு மூன்று முறை மன்னர் வந்து புத்தர் சிலைக்கு ஆடை மாற்றுவார், அப்போதும் சன்னதிக்குள் விடமாட்டார்கள். முழு வளாகமும் பல நாட்கள் மூடுவது மிக அபூர்வம். 2017 அக்டோபரில் மன்னர் பூமிபோலின் இறுதிச் சடங்கை ஒட்டி அப்படி மூடினார்கள். இப்படிப்பட்ட அறிவிப்பு முன்கூட்டியே அரண்மனையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வந்துவிடும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், போகும் நாளுக்கு முந்தின இரவும் அங்கே பாருங்கள். அதில் இல்லையென்றால் மூடவில்லை. வழியில் யார் என்ன சொன்னாலும் பதில் பேசாமல் நா ப்ரா லான் சாலையில் இருக்கும் விசேட்சைஸ்ரீ வாசல் வரை நடந்து போங்கள். கதவு திறந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது தமிழ் கைடு. தாய்லாந்துச் சட்டப்படி கைடு வேலை தாய் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது, உரிமம் வாங்கி, அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்க வேண்டும். சென்னையிலிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் உங்களை எண்ணி பஸ் ஏற்றலாம், சாப்பாட்டைக் கவனிக்கலாம். கோயிலுக்குள் நின்று விளக்கம் சொன்னால் அவர் மாட்டிக்கொள்வார். ஆகவே 'தமிழ் கைடு' என்றால், பஸ்ஸில் நாலு வார்த்தை தமிழில் சொல்லிவிட்டு அரண்மனைக்குள் ஊமையாகிவிடும் ஒருவர் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலம் பேசும் உரிமம் பெற்ற தனிக் கைடை அரைநாளுக்கு எடுங்கள். கட்டணம் குழுவுக்கா, தலைக்கா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே தொகை என்றால்தான் கட்டுப்படியாகும். நகைக்கடை, தையல்கடை, தேன்கடை எதற்கும் போகக் கூடாது என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

கைடு அவசியமா என்றால், அரண்மனைக்கு மட்டும் அவசியம். அங்கே வளாகத்தைச் சுற்றி ஓடும் மண்டபச் சுவரில் 178 ஓவியங்களாக ராமாயணம் முழுவதும் வரையப்பட்டிருக்கிறது. கூட்டம் மரகத புத்தரைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டி ஓடிவிடும். வடக்கே தொடங்கி வலமாக நடந்தால் கதை வரிசையாக வரும். ஓர் ஓவியத்தில் அனுமன் மலைபோல் வளர்ந்து உட்கார்ந்திருப்பான், அவன் திறந்த வாய்க்குள் ராமன் தங்கியிருக்கும் மண்டபம் இருக்கும். மயில்ராவணன் தூக்கிப் போய்விடாமல் காவல் காக்கிறான். வால்மீகியில் இல்லாத இந்தக் கதை உங்கள் அம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், அங்கே மயில்ராவணனின் பெயர் மையராப். கைடிடம் இந்தச் சுவருக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மண்டபம் நிழலானது, அம்மாவுக்கும் நல்லது.

இனி நாள் எப்படி ஓட வேண்டும் என்பது. காலை 8.15-க்கு அரண்மனை வாசலில் நில்லுங்கள். 10 மணிக்குமேல் சுற்றுலா பஸ்கள் வந்து இறக்கிவிட்டால் நகர இடமிருக்காது. ஓட்டலிலிருந்து கிராப் (செல்போன் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) எடுத்து வாசலிலேயே இறங்குங்கள். காலையில் அம்மாவைப் படகில் ஏற்ற வேண்டாம். 120 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. மகனின் உயரத்தை வீட்டிலேயே அளந்து வையுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டைமேல் துப்பட்டா போர்த்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தங்கையிடம் சொல்லுங்கள். கணவர் ஷார்ட்ஸில் வந்தால் வாசலில் மட்டமான பேன்ட் ஒன்றை நல்ல விலைக்கு வாங்க வேண்டிவரும்.

11 மணிக்குள் வெளியே வந்துவிடலாம். அங்கிருந்து வாட் போ பத்துப் பதினைந்து நிமிட நடை, டுக்டுக் வேண்டவே வேண்டாம். அம்மாவால் முடியாவிட்டால் மறுபடியும் கிராப். வாட் போ கட்டணம் 300 பாட். 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தரைப் பார்க்க கைடு தேவையில்லை, அவரை அரண்மனையோடு அனுப்பிவிடலாம். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களைப் பாருங்கள். பின்புறம் வரிசையாக இருக்கும் 108 வெண்கலக் கிண்ணங்களில் சில்லறை போடும் வேலையை மகனிடம் விடுங்கள். தாய் மசாஜ் பள்ளி இந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் அம்மா அங்கே கால் மசாஜ் எடுத்துக்கொண்டு உட்காரட்டும். மூட்டுகளை அழுத்த வேண்டாம் என்று முதலிலேயே கை காட்டிச் சொல்லிவிடுங்கள்.

சுமார் 3.30-க்கு தா தியன் படகுத்துறைக்கு நடந்து போய், 5 பாட் கொடுத்து அக்கரைக்குப் போங்கள். அங்கே வாட் அருண், கட்டணம் 200 பாட், மாலை 6 மணி வரை. கோபுரப் படிகள் ஏணி மாதிரி செங்குத்து, அம்மா கீழே நதியோரம் இருக்கட்டும். பீங்கான் துண்டுகளால் செய்த பூ வேலையைக் கீழே நின்றே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

தா தியன் துறையில் ஒரு எச்சரிக்கை. அக்கரைப் படகுக்கு வழி கேட்டால், 'அந்தப் படகு நின்றுவிட்டது, இதில் வாருங்கள்' என்று நீளவால் படகுக்கு (வாடகைக்கு ஓடும் ஒடுக்கமான மோட்டார் படகு) இழுப்பார்கள். வாடகையை முதலில் படகுக்கு என்பார்கள், இறங்கும்போது தலைக்கு என்பார்கள். மிதக்கும் சந்தை காட்டுகிறேன் என்பார்கள். தாலிங் சான் சந்தை சனி, ஞாயிறுகளில் மட்டும்தான். வார நாளில் உங்கள் படகருகே வளையல் தட்டோடு ஒரே ஒரு அம்மாள் துடுப்புப் போட்டு வருவார், அதுதான் சந்தை. கால்வாய் பார்க்க ஆசையிருந்தால் இன்னொரு பயணத்தில் நிதானமாகப் போங்கள். ஒரே நாளில் இதையும் திணிக்காதீர்கள்.

வாட் அருண் துறையிலிருந்து நீலக் கொடி சுற்றுலாப் படகில் ஏறினால் ஐகான்சியாம் வணிக வளாகத் துறையிலேயே இறங்கலாம். ஆரஞ்சுக் கொடி படகு மலிவு, ஆனால் மாலையில் அலுவலகக் கூட்டம் நெரியும், துறையில் சில நொடிதான் நிற்கும், மிதவை ஆடும். மூட்டுவலிக்காரர்களுக்கு அது ஆகாது. மாலை வெளிச்சத்தில் நீலக் கொடியில் போகும் இந்தப் பயணமே நல்லதொரு நதி உலா. ராத்திரிக் கப்பலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துக் காணும் கரைகளில் பாதியை இதிலேயே பார்த்துவிடுவீர்கள்.

டின்னர் குரூஸ் எடுப்பதென்றால் ஐகான்சியாமிலிருந்து புறப்படும் கப்பலாகப் பார்த்து எடுங்கள். ஆசியாட்டிக், ரிவர் சிட்டி என்று வேறு துறைகளும் உண்டு, ஏஜென்ட் வவுச்சரில் துறையின் பெயரே இருக்காது. கப்பலின் பெயர், துறையின் பெயர், கவுண்டருக்கு வர வேண்டிய நேரம், மேல்தளமா கீழ்த்தளமா, இந்த நான்கும் அச்சில் இல்லாத வவுச்சருக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரே துறையில் ஒரே நேரத்தில் பல கப்பல்களுக்கு நூற்றுக்கணக்கானோர் காத்திருப்பார்கள், அறிவிப்பும் குழப்பமாக இருக்கும். தவறவிட்டால் பணம் போனதுதான், கப்பல் யாருக்காகவும் நிற்காது. 'ஓட்டல் பிக்கப்' வேண்டாம். அது நாலைந்து ஓட்டல் ஏறி இறங்கி, நெரிசலில் சிக்கி, கடைசி நிமிடத்தில் கொண்டு சேர்க்கும் வேன்.

ஜன்னல் பக்கம் வேண்டும் என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்கலாம், 'வாட் அருண் பக்கம்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். கப்பல் வடக்கே எட்டாம் ராமா பாலம் வரை போய்த் திரும்பும். போகும்போது வாட் அருண் இடப்புறம், அரண்மனை வலப்புறம். வரும்போது அப்படியே மாறிவிடும். மொத்தம் இரண்டு மணி நேரம்தான். சாப்பாட்டுத் தட்டோடு முதல் முக்கால் மணி நேரத்தை உள்ளே கழித்தவர்கள் பாதிக் காட்சியை இழப்பார்கள். ஆகவே போகும்போது தளத்தில் நில்லுங்கள், திரும்பும்போது சாப்பிடுங்கள். அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில், கழிப்பறை இருக்கும் தளத்திலேயே மேஜை கேளுங்கள். சைவர்கள் என்றால் இந்திய பஃபே உள்ள கப்பல் பாதுகாப்பு. மற்றவற்றில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு, சிப்பிச் சாறு இருக்கும். இந்தியக் கப்பல்களில் டிஜே சத்தம் காதைப் பிளக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

இதையெல்லாம் கேட்டால் ஏஜென்ட் அடுத்து 'ஆயுத்தயா ரிவர் குரூஸ்' என்று எடுப்பார். பழைய தலைநகரான ஆயுத்தயா இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். போவதும் இடிபாடுகளைப் பார்ப்பதும் பஸ்ஸில். பல கப்பல்களில் திரும்பும்போதுகூட ஆயுத்தயாவில் ஏற்றமாட்டார்கள், நோந்தபுரி வரை பஸ்ஸில் கொண்டுவந்து கடைசி இரண்டு மணி நேரம் மட்டும் படகு. ஒரே நாள் இருப்பவர்களுக்கு அது வேண்டாம்.

கணக்கு இதுதான். நான்கு பெரியவர்களுக்கு மூன்று இடங்களின் நுழைவும் சேர்த்து 4,000 பாட். அதன்மேல் கைடு, கார், கப்பல். ஏஜென்ட் கேட்ட தொகையோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் அரண்மனை இல்லை என்பதை மறக்காமல். இரவு கப்பல் இறக்கிவிட்டதும் வாசல் டாக்சிகள் மீட்டர் போட மறுப்பார்கள். ஐகான்சியாமிலிருந்து சாத்தோன் துறைக்கு இலவசப் படகு உண்டு, இறங்கிய இடத்திலேயே சபான் தாக்சின் ரயில் நிலையம். எங்காவது மிரட்டலோ தகராறோ வந்தால் சுற்றுலா போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள்.