வீடு கட்டும்போது பாதியில் கான்ட்ராக்டர் ‘எக்ஸ்ட்ரா’ என்று நாலு லட்சம் கேட்டால் என்ன செய்வது?

கேள்வி: மதுரையில் 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. ரூஃப் போட்டு முடித்ததும் எக்ஸ்ட்ரா வேலை என்று ஒரு துண்டுச் சீட்டில் நாலு லட்சம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வந்தால்தான் பூச்சு வேலை என்கிறார். கொடுப்பதா, கூடாதா?

பதில்: ரூபாய்ப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். நாலு லட்சத்தை மூணரை ஆக்கலாமா என்று பேரத்தில் இறங்கினால், சீட்டில் உள்ளது எல்லாம் நியாயம் என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பேச வேண்டியது அளவைப் பற்றி. என்ன வேலை, எத்தனை அடி, எத்தனை கிலோ, என்ன ரேட் என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் நாங்கள் கட்டியபோது வந்த சீட்டில் முதல் வரி ‘பேஸ்மென்ட் உயர்த்தியது, கிராவல் 22 யூனிட்’. ரோடு மேடாக இருந்ததால் ஒரு அடி கூட்டச் சொன்னது நாங்கள்தான், காசு தர வேண்டியதுதான். ஆனால் 22 யூனிட்டா? மண் நிரப்பிய உள்ளளவு சுமார் 1,000 சதுர அடி. ஒரு அடி உயரத்துக்கு 1,000 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், ஆகப் பத்து. தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால் மண் அமுங்கும். அதற்கு இரண்டு மூன்று யூனிட் சேர்த்தாலும் பதிமூன்று. “சாரை வரச் சொல்லுங்கக்கா, அவர்ட்ட பேசிக்கிறேன்” என்றார் எங்கள் கான்ட்ராக்டர். சார் வந்தாலும் இதே டேப்தான் என்று அவர் கையிலேயே டேப்பைக் கொடுத்தேன். அளந்து பார்த்துவிட்டு, “பயலுக லோடு கணக்குல எழுதிட்டாய்ங்கக்கா” என்றார். யார் எழுதினால் என்ன, வரி திருந்தியது.

கம்பிக் கணக்கும் அப்படித்தான். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 16 மி.மீ. கம்பி 1.58 கிலோ, 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ. தரைத்தள வீட்டில் ஒரு தூண் கூடுதலாக வந்தால், நாலு 16 மி.மீ. கம்பி, ரிங், அடியில் போடும் ஜல்லடைக் கம்பி எல்லாம் சேர்த்துச் சாதாரணமாக அறுபது எழுபது கிலோதான் வரும். ‘ஒரு தூண், 300 கிலோ’ என்று எழுதியிருந்தால் எந்தக் கம்பி, எத்தனை, என்ன நீளம் என்ற விவரத்தைக் கேளுங்கள்.

அடுத்து, சதுர அடி ரேட்டுக்குள் எது அடக்கம் என்று உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் இவற்றைப் பெரும்பாலும் தனியாகத்தான் பேசுவார்கள். வம்பு வருவது மாடிப்படி ஹெட்ரூம், போர்டிகோ, பால்கனியில். சதுர அடிக் கணக்கில் ஒருமுறை சேர்த்துவிட்டு, எக்ஸ்ட்ரா சீட்டில் இன்னொரு முறை எழுதுவது உண்டு. மொத்தச் சதுர அடியை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல் மண். கெட்டித் தரை வரும்வரை தோண்டித்தான் ஆக வேண்டும். ஒத்தக்கடையில் பாறை தட்டும். கண்மாய்ப் பாசன வயலைப் பிளாட் போட்ட இடம் என்றால் சொல்லவே வேண்டாம். அஸ்திவாரம் பேசிய ஆழத்தைத் தாண்டியதை நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ‘எழுத்தில் இல்லை, ஒரு பைசா தராதே’ என்று சொல்லும் வாட்ஸ்அப் வக்கீல்களை நம்ப வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இருக்கிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

‘விலை ஏறிடுச்சு’ என்ற வரி இருந்தால், விலை ஏற்றத்தை யார் தாங்குவது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பேசிய ரேட்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அப்போது இவர் ரேட்டைக் குறைத்தாரா என்றும் கேட்டு வையுங்கள். ஜிஎஸ்டி தனி என்று எழுதியிருந்தால் அவருடைய பதிவு எண் போட்ட பில் கேளுங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே முடியாது.

ரூஃப் புதிது என்பதால் இன்னொன்று. சண்டை முற்றினால் சிலர் ரூஃபைத் தாங்கும் முட்டு, பலகை என்ற சென்ட்ரிங் சாமானைக் கழற்றிக்கொண்டு போகப் பார்ப்பார்கள், வாடகை ஓடுகிறதே. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதிப்படி, சாதாரண (ஓபிசி) சிமெண்ட் என்றால், தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் நிற்க வேண்டும். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் இன்னும் கூட. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், தேவைப்பட்டால் வாடகையை நீங்களே கட்டுங்கள்.

வேலை நிற்கும் இந்த நேரத்தில் சம்பந்தமில்லாத சிவில் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டு, கான்ட்ராக்டரையும் வைத்துக்கொண்டே அளவு எடுக்கச் சொல்லி, தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துக்கொண்ட வரிகளுக்குப் பணத்தை உடனே வங்கி வழியாகக் கொடுங்கள். தகராறு உள்ளதை ‘ஆட்சேபணை’ என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எங்கள் விஷயம் இந்தக் கட்டத்திலேயே முடிந்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுத்தோம். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் 2019 சட்டப்படி சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்டத்திலேயே மனு போடலாம், பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் யோசனையும் கேட்கலாம். ஆனால் வழக்கு முடியும்வரை வீடு மழையில் நனைந்துகொண்டு நிற்கும் என்பதால் அதைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு முன்னால் கரன்ட் பாயின்ட் எத்தனை, பாத்ரூம் டைல்ஸ் எத்தனை அடி உயரம், டைல்ஸ் சதுர அடிக்கு என்ன விலை வரை என்பதை அதே தாளில் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த எக்ஸ்ட்ரா சீட்டு பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வரும்.