போலோ ஜிடி கார் மழையில் வழுக்குகிறது. அகலமான டயர் போட்டால் சரியாகுமா?

ஆகாது. பெரும்பாலும் இன்னும் மோசமாகும். அதே போலோ ஜிடி டிஎஸ்ஐ-யைத் தண்டையார்பேட்டையில் வைத்து ஓட்டுகிறவன் நான். பட்டதைச் சொல்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே பழைய ஓனர் 16 இஞ்ச் அலாய் சக்கரம் போட்டு 205/50 டயர் (205 என்பது மில்லிமீட்டரில் அகலம்) மாட்டியிருந்தார். பார்க்க அம்சமாக இருக்கும். பட்டனும் (டயரில் வெட்டிய வரியின் ஆழம்) 5 மில்லிமீட்டர் இருந்ததால் நான் டயரைப் பற்றி யோசிக்கவே இல்லை. 2021 அக்டோபரில் ஒரு சாயங்காலம், காசிமேட்டிலிருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் திருவொற்றியூர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அந்த ரோடு தெரியுமல்லவா, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மாதக்கணக்கில் சிந்திய டீசல், ஆயில், தூசி எல்லாவற்றின் மேலும் தூறல் விழுந்து ரோட்டில் சோப்பு நுரை மாதிரி பொங்கியிருந்தது. வேகம் 50-தான். முன்னால் போன ட்ரெய்லர் பிரேக் போட்டது. நானும் போட்டேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் கடகடவென்று உதைத்தது, வண்டி பாட்டுக்கு நேராக வழுக்கிக்கொண்டே போனது. நின்றபோது ட்ரெய்லரின் பின்கம்பிக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அவ்வளவுதான் இடம்.

மறுநாள் தெரிந்த பஞ்சர் கடை அண்ணன் பட்டனைப் பார்க்கவே இல்லை. டயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு நான்கு எண்ணைக் காட்டினார்: 3514. “2014-ல 35-ஆவது வாரம் வந்த டயர் தம்பி. பட்டன் இருக்கு, ரப்பர் செத்துப்போச்சு” என்றார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பிளாஸ்டிக் வாளியை அழுத்தியது போல இருந்தது. உங்கள் டயரிலும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். புது டயர் வாங்கும்போதும் பாருங்கள். எனக்கே ஒரு கடையில் மூன்று வருடம் கிடந்த சரக்கைப் ‘புதுசு’ என்று தள்ளப் பார்த்தார்கள்.

இப்போது அகலம். கார் எடையும் காற்றும் அதேதான் என்றால், தரையில் படும் பரப்பு ஏறக்குறைய மாறாது, அதன் வடிவம்தான் மாறும். அகல டயரில் அது அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். முன்னால் விலக்க வேண்டிய தண்ணீர் அதிகம், விலக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. டயர் தண்ணீர் மேல் ஏறி மிதந்துவிட்டால் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும், பிறகு நீங்கள் டிரைவர் இல்லை, பயணி. ரேஸ் காரில் மொட்டை டயர்தானே என்று சிலர் கேட்பார்கள். அது காய்ந்த தரைக்கு. மழை வந்தால் அவர்களும் பிட்டுக்குள் வந்து வரி வெட்டிய டயருக்கு மாறிவிடுவார்கள். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த பெரிசுகள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

மழையில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பதும் தப்பு. விமான டயர்களை வைத்து நாசா கண்டுபிடித்த ஒரு கணக்கு உண்டு: டயர் காற்றழுத்தத்தின் பிஎஸ்ஐ அளவை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.6-ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 33 பிஎஸ்ஐ-க்கு 95, 25 பிஎஸ்ஐ-க்கு 83. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, பட்டன் தேயத் தேய இன்னும் சீக்கிரமே மிதக்கும். ஆனால் காற்று குறைந்தால் எந்தப் பக்கம் போகும் என்பது புரிகிறதல்லவா? கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவையே வையுங்கள்.

நான் அலாயைக் கழற்றிவிட்டு 15 இஞ்சுக்கே திரும்பினேன். கம்பெனி அளவு 185/60 ஆர்15. நான் போட்டது 195/60 ஆர்15, பழைய 205-ஐவிடக் குறுகியதுதான். கம்பெனி டயரோடு பார்த்தால் விட்டம் 603-லிருந்து 615 மில்லிமீட்டர், 2 சதவீதம்தான் கூடுதல். நம் ரோட்டுப் பள்ளங்களுக்கு அதில் பாதியாக வண்டி உயரும் 6 மில்லிமீட்டரும் லாபம்தான். மிச்சமான காசை ரப்பரில் போட்டேன். மழைக்கு சிலிக்கா கலந்த ரப்பர்தான் வேண்டும். பல டயர்களின் பக்கச் சுவரில் ட்ராக்ஷன் என்று போட்டு ஒரு எழுத்து இருக்கும், ஏ அல்லது ஏஏ பார்த்து வாங்குங்கள். அது ஈரத் தரையில் நேராகப் பிரேக் போட்டு அளந்தது, வளைவைப் பற்றிச் சொல்லாது. டயர் தேயாமல் தாங்கும் அளவைச் சொல்லும் ட்ரெட்வேர் எண் மிக அதிகமாக இருந்தால் ரப்பர் பொதுவாகக் கெட்டி. நிறைய ஓடும், ஆனால் மழைப் பிடிமானத்தில் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஐரோப்பாவில் ஓட்டுபவர்கள் பேசும் குளிர்கால டயரெல்லாம் நமக்கு வேண்டாம், 7 டிகிரிக்குக் கீழே போகிற ஊருக்குத்தான் அது.

இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள். இழுப்பது முன்சக்கரம்தானே என்று கடையில் சண்டைக்கு வருவார்கள். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், நான் 3-லேயே மாற்றிவிடுவேன். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மட்டும் எந்த டயரை நம்பியும் இறங்காதீர்கள்.

மாற்றுவதானால் செப்டம்பரிலேயே மாற்றிவிடுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரைப் பிரிக்கத் தடவும் வழவழப்பு புது டயரில் ஒட்டியிருக்கும், அது போக முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். ஐப்பசி அடைமழையில் புது டயரோடு முதன்முதலாக எக்ஸ்பிரஸ் சாலையில் ஏறாதீர்கள்.