துரு உள்ளிருந்தே தொடங்கும்

கேள்வி: என்னிடம் லேண்ட் ரோவரின் முதல் வரிசை (Series I) வண்டி ஒன்று இருக்கிறது. உடல் அலுமினியம் என்பதால் துருவுக்கு அஞ்ச வேண்டாம் என்கிறார்களே, சரியா?

பதில்: பாதிதான் சரி. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டிக்கு, போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கலவைத் தகடுகளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவற்றைத் தாங்கும் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், எஃகுதான். பெட்டி வடிவிலான அந்தச் சேஸிக்குள் சேறும் ஈரமும் தங்கி, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே அரிப்பு பரவிவிடும் என்பதால், வடிகால் துளைகளை அடைபடாமல் காத்து, உட்புறம் மெழுகுப் பூச்சு தெளிப்பதே முதல் வேலை. அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் ஈரம் பட்டால் அலுமினியமே அரிக்கப்படும். அங்கெல்லாம் இடையே ரப்பர் வையுங்கள். கழற்றிய அசல் பாகம் எதையும், அது உடைந்ததே ஆனாலும், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். கடையில் கிடைக்காத பாகத்தைப் புதிதாகக் கடைந்தெடுக்க அதுவே அளவு மாதிரி.