பார்த்த படத்தையே பார்ப்பது நோயா, தம்பி?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை. நம் ஆட்கள் எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்வி என்பதால்.

நீங்கள் எழுதியது இதுதான். இங்கே வந்து சில மாதங்கள் ஆகின்றன. வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால் புதுப் படம் எதையும் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. பள்ளி நாட்களில் பார்த்து மனப்பாடமாகிப்போன நான்கைந்து படங்களையே மறுபடி மறுபடி போட்டுக்கொள்கிறீர்கள். அறை நண்பர் கேலி செய்கிறார். இப்படியே போனால் இந்த நாட்டோடு ஒட்டவே மாட்டாய் என்கிறார். இது மனக் கோளாறா, நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, அலுவலக நண்பர் ஒருவர் உங்களுக்குப் பிடித்த படம் ஒன்றைக் காட்டச் சொல்கிறார், எதைக் காட்டுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு இல்லை. நிறுத்தவும் வேண்டாம். அறை நண்பர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் புதுப் படம் ஏன் ஓடவில்லை என்று பாருங்கள். புதுப் படம் என்பது வேலை, தம்பி. முதல் அரை மணி நேரத்தில் யார் யார், யாருக்கு யார் என்ன உறவு, எவனை நம்பலாம், எவன் பொய் சொல்கிறான், இது சிரிக்க வேண்டிய படமா, பயப்பட வேண்டிய படமா என்று எல்லாவற்றையும் நாமே ஊகித்துக்கொண்டு போக வேண்டும். வந்த புதிதில் உங்கள் பகல் முழுவதும் நடப்பதும் அதுதானே? மேலாளர் தலையை ஆட்டினாரே, அது ஒப்புதலா, போதும் நிறுத்து என்பதா? எல்லோரும் சிரிக்கிறார்களே, நானும் சிரிக்க வேண்டுமா? பஸ்ஸில் முன்கதவில் ஏறுவதா, பின்கதவில் ஏறுவதா? மின்னஞ்சலை எப்படி முடித்தால் மரியாதை, எப்படி முடித்தால் குழைவு? காலையிலிருந்து மாலை வரை ஊகித்துக் களைத்தவனிடம் போய், வா, இன்னும் இரண்டரை மணி நேரம் ஊகி என்றால் மனம் எப்படி வரும்? பார்த்த படத்தில் ஊகிக்க எதுவும் இல்லை. அந்தக் கதவு தட்டப்படும், தங்கை வந்து நிற்பாள், அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், இசை தொடங்கும். எல்லாம் அதனதன் நேரத்தில் நடக்கும்.

அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜே டெரிக் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். மனதைக் கட்டுப்படுத்திச் செய்ய வேண்டிய சிரமமான வேலை ஒன்றை முடித்தவர்கள், தங்களுக்கு ஏற்கனவே பழகிய கதை உலகங்களை அதிகம் நாடினார்கள்; அதன் பிறகு அவர்களுக்குத் தெம்பும் திரும்பியது. டிவியில் ஓடுவதை ஏதோ பார்ப்பதால் அந்தப் பலன் கிடைக்கவில்லை, பழகிய நிகழ்ச்சியால்தான் கிடைத்தது என்பது அவர் கண்டது. மனத்திண்மை செலவாகித் தீரும், பிறகு நிரம்பும் என்ற அடிப்படைக் கருத்தின் மேலேயே உளவியலாளர்களிடம் இப்போது பெரிய வாக்குவாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் களைத்த நாளில் கை எந்தப் படத்தைத் தேடிப் போகிறது என்பதைக் கவனித்த எவருக்கும் இந்த முடிவு வியப்பாக இருக்காது.

"ஒரே படத்தைப் பார்த்தால் சலிக்காதா?" என்பார்கள். சலிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், பார்ப்பவர்களும்கூட. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓ'பிரையன் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், படமோ கண்காட்சியோ ஒன்றை இரண்டாம் முறை அனுபவிக்கப் போகிறவர்கள், தங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டி மதிப்பிட்டதைவிட உண்மையில் அதிகமாகவே ரசித்தார்கள். முதல் முறையில் கண்ணுக்குத் தப்பியது எவ்வளவு என்பது நமக்குத் தெரிவதில்லை, அதுதான் காரணம்.

என் கதையைச் சொல்கிறேன். நான் அடிக்கடி பார்க்கும் படம் ஒன்றில் ரயில் நிலையத்தில் பிரியும் காட்சி வரும். பல வருடங்கள் நாயகன் நாயகி முகங்களைத் தவிர அதில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அழுது முடிக்கவே நேரம் போதாது. பிறகு ஒரு நாள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் ஒரு துணை நடிகரைக் கவனித்தேன். நாயகி விசும்பும் அதே கணத்தில் அவர் பக்கத்தைத் திருப்புகிறார். திருப்பியவர் படிக்கவில்லை, தாளின் விளிம்புக்கு மேல் கண்ணை உயர்த்தி அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, பார்த்திருக்கக் கூடாது என்பதுபோல உடனே குனிந்துகொள்கிறார். இயக்குநர் சொல்லிச் செய்தாரா, அவராகச் செய்தாரா தெரியாது. அவருக்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம். நாயகியைக் காட்டும்போது நாலேகால், நாயகனைக் காட்டும்போது ஐந்தரை. காலை ஆரம்பித்து நாள் முழுவதும் எடுத்திருப்பார்கள், பாவம். முள்ளைத் திருப்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்தக் காட்சிக்காக நான் காத்திருப்பது பாதி செய்தித்தாள்காரருக்காக.

இன்னொரு மாற்றமும் உண்டு, அது படத்தில் இல்லை. அதே படத்தில் நாயகியின் அப்பா கல்யாணத்துக்கு மறுப்பார். இருபது வயதில் எனக்கு அவர் பரம வில்லன். இப்போது பார்த்தால், அந்தப் பையனிடம் அவர் கேட்கும் மூன்று கேள்விகளும் நியாயமாகவே படுகின்றன; அவனிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. கிறிஸ்டல் ரஸ்ஸல், சிட்னி லெவி என்ற இரு ஆய்வாளர்கள், படித்த புத்தகத்தையே படிப்பவர்கள், பார்த்த படத்தையே பார்ப்பவர்கள், போன இடத்துக்கே போகிறவர்கள் ஆகியோரிடம் நீளமாகப் பேசி 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெறும் பழக்கத்தாலோ ஏக்கத்தாலோ மட்டும் திரும்பி வருவதில்லை, தாம் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளவும் வருகிறார்கள் என்பது அதன் சாரம். அந்த அப்பா விஷயத்தில் எனக்கு நடந்தது அதுவேதான்.

முடிவு தெரிந்த படத்தில் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பது தனிப் புதிர். கடிதம் போய்ச் சேராது என்று நன்றாகத் தெரியும், இருந்தும் தபால்காரர் சைக்கிளைத் திருப்பும்போது "அந்தப் பக்கம் போகாதே ஐயா" என்று வாய் தானாகச் சொல்கிறது. ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபரானார் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவர் பதவி ஏற்பாரா மாட்டாரா என்று ஐயத்தைக் கிளப்பும் பத்தியைப் படித்தவர்கள், ஆனார் என்பது சரிதான் என்று உறுதிப்படுத்தச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இருக்கும்போது நமக்குத் தெரிந்தது நமக்கு உதவுவதில்லை. நல்லவேளை.

நாங்கள் வந்த காலத்தில் வீடியோ கேசட்தான். அதில் ஒரு வேடிக்கை. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம். இந்தியாவிலும் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்த பி.ஏ.எல். தொலைக்காட்சி முறையோ நொடிக்கு 25. ஆகவே கேசட்டில் ஏற்றும்போது படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம். சுமார் 4 சதவீதம் கூடுதல் வேகம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்களும் சுருதியில் கொஞ்சம் மேலே போய்விடும். யாருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து அதே படத்தைச் சரியான வேகத்தில் பார்த்தபோது என் கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாயகனுக்குச் சளி பிடித்தாற்போல் குரல் கனத்திருக்கிறது, வசனம் நாங்கள் எதிர்பார்க்கும் இடத்துக்கு ஒரு மூச்சு தாமதமாக வருகிறது. கேசட்டில் இருந்ததுதான் தவறு, மனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் எனக்குக் கேசட் வேகம்தான் அந்தப் படம்.

இனி ஊர் ஏக்கம். உங்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது என்பது தெரிகிறது. 1688-ல் பாசல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே வரையறுத்து ஆய்வேடு எழுதினார். ஊருக்குத் திருப்பி அனுப்புவதே தலையாய மருந்து என்பது அவர் கருத்து. இப்போதைய பார்வை வேறு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செடிகிடீஸ், வில்ட்ஷுட் குழுவினர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். தனிமையில்தான் பழைய நினைவு கிளர்கிறது, கிளர்ந்த நினைவு நமக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தைரியத்தைத் தருகிறது என்கிறார்கள். அதாவது படம் போட்டதால் தனிமை வரவில்லை, தனிமை வந்ததால் படத்தைப் போடுகிறீர்கள்.

அதோடு ஒன்று சொல்வேன். புலம்பெயர்ந்தவர் செய்வதெல்லாம் புலம்பெயர்ந்ததால் வந்தது அல்ல. உங்கள் அம்மா அங்கே டிவியில் பார்த்த படத்தை விளம்பர இடைவேளைகளோடு மறுபடி பார்க்கிறார், அவருக்கு என்ன ஊர் ஏக்கம்? உலகம் முழுவதும் இது உண்டு. 1946-ல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வெளியானபோது எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை. 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். கட்டணம் இல்லாமல் கிடைத்ததால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதையே திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. பார்க்கப் பார்க்கத்தான் அது மக்களின் செல்லப் படமானது. நமக்கும் மிகப் பிடித்த படங்கள் மிகச் சிறந்த படங்களாக இருக்க வேண்டியதில்லை. மழைநாளில், பள்ளி விடுமுறையில், கண் முன்னால் ஓடிக்கொண்டே இருந்த படங்கள் அவை.

சரி, அறை நண்பரின் அந்தக் கால் பங்கு. எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்பது பொருட்டே இல்லை, எதற்குப் பதிலாகப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். களைப்பாறப் பார்த்தால் பாருங்கள். தூக்கம் வர ஓடவிட்டால்கூடத் தவறில்லை. ஆனால் யாரோ கூப்பிட்டிருக்க, போக மனமில்லாமல் படத்தைச் சாக்காக வைத்தால், அல்லது வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் வசனத்தின் ஒலியைக் கூட்டினால், அது வேறு விஷயம். அப்போது யாரிடமாவது பேசுங்கள், என்னிடமே பேசலாம்.

உள்ளூர் மொழி கற்க உள்ளூர்ப் படம் பார் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். ஆரம்பத்தில் அது வீண் வேலை. கதையும் புரியாது, மொழியும் வராது. உங்களுக்கு மனப்பாடமான ஏதேனும் ஒரு படம் இங்குள்ள மொழியில் டப்பிங்கிலோ சப்டைட்டிலிலோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பது தெரிந்திருப்பதால், அதை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் மட்டும் காதை வைக்கலாம். கோபத்தில் எப்படி, கெஞ்சும்போது எப்படி என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வராது. ஒன்று மட்டும்: இணையத் தளங்களில் பட உரிமை நாட்டுக்கு நாடு வேறு. நேற்று இருந்த படம் இன்று இருக்காது, ஊரில் தெரிந்தது இங்கே தெரியாது. உயிர்போல் நேசிக்கும் படம் என்றால் டிஸ்க் வாங்கி வையுங்கள். டிவிடியின் மண்டல எண் உங்கள் கருவிக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக அலுவலக நண்பர். உங்களுக்கு மிக மிகப் பிடித்த படத்தை முதலில் காட்டாதீர்கள். அதை அவர் பார்க்கும்போது நீங்கள் படத்தைப் பார்க்க மாட்டீர்கள், அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நகைச்சுவை வரும் முன்பே சிரித்துவைப்பீர்கள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் உங்கள் மனம் உடையும். இரண்டாம் வரிசைப் படம் ஒன்றைக் காட்டுங்கள். சொல் விளையாட்டு குறைவாக, முகங்களில் கதை நடப்பதாகப் பாருங்கள். சப்டைட்டில் தரமானதா என்று நீங்கள் முன்பே ஓட்டிப் பார்த்துவிடுங்கள், சிலவற்றில் பாட்டு வரிகளையே விட்டுவிடுவார்கள். இடைவேளை வந்தால் உண்மையிலேயே நிறுத்துங்கள், அவருக்கு அது ஏன் என்று புரியாது, விளக்கலாம். அவர் நடுவில் செல்பேசியை எடுத்தால் கோபப்படாதீர்கள். பதிலுக்கு அவருக்குப் பிடித்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் முந்திக்கொண்டு சிரிக்கிறார், எந்த இடத்தில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கவனித்துக்கொண்டே பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாத புதுப் படம் அன்றைக்கு ஓடிவிடும்.